பழைய துப்பறியும் தொடர்கள்ல ஒண்ணு பளிச்னு, இன்னொண்ணு கஞ்சித்தண்ணி மாதிரி: ஏன்?

2020 லாக்டவுன்ல தூர்தர்ஷன் பழைய தொடர்களை எல்லாம் தூசி தட்டி மறுபடி போட்டப்ப 1993-ல வந்த பியோம்கேஷ் பக்ஷியும் திரும்ப வந்துச்சு. அப்ப இருந்தே பழைய துப்பறியும் தொடர்களைத் தேடிப் பிடிச்சுப் பார்க்கற பழக்கம் நம்ம கொடைக்கானல் மலையிலயும் நிறைய பேருக்கு ஒட்டிக்கிச்சு. சாயங்காலம் 6 மணிக்கு மேல குளிருக்குக் கதவ சாத்திட்டு உக்கார்ற ஊர்ல வேற என்ன வேலை. பார்க்கறவங்க எல்லாரும் சுத்திச் சுத்திக் கேக்கறது மூணே மூணு கேள்விதான்.

1. 1971-ல ஆரம்பிச்ச அமெரிக்கத் தொடர் கொலம்போ நேத்து எடுத்த மாதிரி இருக்கு. 1985-ல வந்த நம்ம கரம்சந்த், இன்னிக்கு கிடைக்கற பிரதியில ஈரக் கண்ணாடி வழியா பார்க்கற மாதிரி இருக்கு. பழசு பளிச்னு, புதுசு மங்கலா, இது எப்படி?
2. சின்ன வயசுல பார்த்தப்ப நல்லாத்தானே தெரிஞ்சுது, அப்ப நம்ம ஞாபகம் பொய்யா?
3. இப்ப வர சில பிரதிகள்ல ஆளோட தலை பாதி வெட்டுப்படுது, சிலதுல எல்லாரும் குண்டா தெரியறாங்க, இது யார் பண்ற வேலை?

அடிப்படையில இருந்து போவோம்.

படம் எதுல பதிவாச்சு, அதுதான் முதல் கேள்வி

அந்தக் காலத்துல டிவி தொடர் எடுக்க ரெண்டு வழி. ஒண்ணு ஃபிலிம், இன்னொண்ணு வீடியோ டேப்.

ஃபிலிம்னா வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூச்சு. வெளிச்சம் பட்ட இடத்துல ரசாயன மாற்றம் நடந்து படம் பதியும். இதுல கோடு, புள்ளின்னு கணக்கு கிடையாது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தாறுமாறா பரவி இருக்கும், அதனால ஒரு நெகட்டிவ்ல இருந்து எவ்வளவு விவரம் எடுக்கலாம்ங்கறது அத ஸ்கேன் பண்ற மெஷினோட சாமர்த்தியத்தையும் பொறுத்தது. 1970-ல இருந்த மெஷினால எடுக்க முடியாத விவரத்த 2020-ல இருக்கற மெஷின் அதே நெகட்டிவ்ல இருந்து எடுத்துடும். 35 மி.மீ. ஃபிலிம் சுமாரா 4கே அளவுக்குத் தாங்கும். 16 மி.மீ. ஃபிலிம்ல ஒரு கட்டமே 10-க்கு 7.5 மி.மீ.தான், சுண்டுவிரல் நகம் அளவு, ஆனா அதுவே எச்டி அளவுக்கு வரும்.

டேப் அப்படி இல்ல. அதுல பதியறது படம் இல்ல, டிவிக்குப் போற சிக்னல். அந்த சிக்னலுக்கு அளவு முன்னாடியே கட்டியாச்சு. நம்ம ஊர் டிவி ஒளிபரப்பு முறைக்கு பால் (PAL)னு பேர், அதுல 625 கோடு, அதுல படமா தெரியறது 576. அமெரிக்க முறையில 525 கோடு, தெரியறது சுமார் 480. அதுக்கு மேல ஒரு கோடு கூட உள்ள இல்ல, எத்தனை கோடி செலவு பண்ணி ஸ்கேன் பண்ணாலும் இல்லாதது வராது.

கணக்குல சொன்னா, பால் படத்த டிஜிட்டலாக்கினா 720 x 576, அதாவது 4,14,720 புள்ளி. ஃபுல் எச்டி திரையில 20,73,600 புள்ளி, சரியா 5 மடங்கு. 4கே டிவின்னா 20 மடங்கு. ஒரு தோசை மாவுல இருபது தோசை ஊத்தச் சொன்னா எப்படி வருமோ அப்படித்தான் உங்க 43 இன்ச் டிவில டேப்ல எடுத்த தொடர் வரும்.

இந்த விஷயம் புரிய நம்ம மலையிலயே ஒரு சாட்சி இருக்கு. கொடைக்கானல் வான் ஆய்வகத்துல 1904-ல இருந்து சூரியன போட்டோ எடுத்து வச்சிருக்காங்க, கண்ணாடித் தட்டுலயும் ஃபிலிம்லயும். நூறு வருஷம் கழிச்சு அதையெல்லாம் ஸ்கேன் பண்ணி டிஜிட்டலாக்கினாங்க, இன்னிக்கும் அத வச்சு ஆராய்ச்சி நடக்குது. 1904-ல கம்ப்யூட்டரே கிடையாது, ஆனா தட்டுல விவரம் பதிஞ்சு இருந்துச்சு, எடுக்கற கருவி வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்துச்சு. கொலம்போவும் அந்த மாதிரி காத்திருந்த கேஸ்தான், அது 35 மி.மீ. ஃபிலிம். ஜெரெமி பிரெட் ஷெர்லக் ஹோம்ஸா நடிச்சு 1984-ல ஆரம்பிச்ச தொடரும் ஃபிலிம்தான். நம்ம ஊர்ல 80-கள்ல ஸ்பான்சர் தொடர்கள் பலதும் டேப், ஏன்னா ஃபிலிம விட டேப் சீப்பு, உடனே போட்டுப் பார்க்கலாம், லேப்ல கழுவ வேண்டாம்.

இதுல ஒரு வயித்தெரிச்சல் என்னன்னா ஃபிலிம் செய்யற அரசாங்க ஃபேக்டரியே நம்ம பக்கத்து மலையிலதான் இருந்துச்சு. ஊட்டி இந்து நகர்ல இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1960-ல ஆரம்பிச்ச கம்பெனி, தூசி இல்லாத மலைக் காத்து ஃபிலிமுக்கு நல்லதுன்னு அங்க வச்சாங்க. எக்ஸ்ரே ஃபிலிம், கறுப்பு வெள்ளை ஃபிலிம் எல்லாம் 'இந்து' பேர்ல வந்துச்சு. கலர் காலமும் டிஜிட்டல் காலமும் வந்து அத மூடியே விட்டுடுச்சு.

ரெண்டுங்கெட்டான் கேஸ் ஒண்ணு உண்டு

ஃபிலிம்ல எடுத்தா எல்லாம் பளிச்னு வந்துடும்னு நினைக்காதீங்க. 80-கள்ல அமெரிக்காவுல சில தொடர்களை ஃபிலிம்ல எடுத்து, உடனே டேப்புக்கு மாத்தி, எடிட்டிங்கையும் ஸ்பெஷல் எஃபெக்ட்டையும் டேப்லயே முடிச்சாங்க. அப்ப கடைசியா கையில இருக்கற மாஸ்டர் காப்பி டேப். நெகட்டிவ் எங்கயோ பெட்டியில துண்டு துண்டா கிடக்கும். துப்பறியும் தொடர் இல்லன்னாலும் இதுக்கு நல்ல உதாரணம் ஸ்டார் ட்ரெக் வரிசையில 1987-ல ஆரம்பிச்ச 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடர். 2012-ல அத எச்டி ஆக்கறப்ப பழைய நெகட்டிவ் துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து முதல்ல இருந்து மறுபடி வெட்டி ஒட்டினாங்க. வீட்டையே இடிச்சுக் கட்டற மாதிரி செலவு. எல்லா தொடருக்கும் எவன் அவ்வளவு காசு போடுவான்.

கொலம்போ பண்ணின ஜூம்

டேப்போட எல்லை எவ்வளவு சின்னதுன்னு கொலம்போலயே ஒரு எபிசோடு காட்டிக் கொடுக்குது. 1975-ல வந்த 'பிளேபேக்'. கொலைய கேமராவுல பதிஞ்சு வச்சு, அப்புறம் அந்த டேப்ப ஓட்டி, அப்பத்தான் கொலை நடந்த மாதிரி செக்யூரிட்டிய ஏமாத்தறான் கொலையாளி. (கவலைப்படாதீங்க, கொலையாளி யாருன்னு முதல் சீன்லயே காட்டிடுவாங்க, எப்படி மாட்டறான்ங்கறதுதான் அந்தத் தொடரோட ருசியே.) கடைசியில கொலம்போ அந்த டேப்ப பெருசாக்கிப் பார்த்து, மேஜை மேல கிடக்கற அழைப்பிதழக் காட்டி மடக்கிடுவாரு.

நிஜத்துல அமெரிக்க டேப்ல 480 கோடு. அந்தக் கார்டு திரை உயரத்துல இருபதுல ஒரு பங்குன்னு தாராளமா வச்சுக்கிட்டாலும் அதுக்குக் கிடைக்கறது 24 கோடு. பெருசாக்கினா வெள்ளையா ஒரு கட்டம் தெரியும், அது அழைப்பிதழா, பால்காரன் பில்லான்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா தொடர் ஃபிலிம்ல எடுத்தது, அதனால பார்க்கற நமக்கு எல்லாம் தெளிவா இருக்கு. கதைக்குள்ள இருக்கற டேப்புக்கு அந்த யோகம் கிடையாது.

மலையில நாம நிஜமா பார்த்தது என்ன

ரெண்டாவது கேள்விக்கு வர்றோம். தொடர் எதுல எடுத்தாங்கங்கறது ஒரு பக்கம், அது நம்ம வீட்டு டிவிக்கு வந்து சேர்ந்த கதை இன்னொரு பக்கம், இதுல நம்ம மலைக்காரங்க அனுபவிச்சத கீழ மதுரைக்காரங்க அனுபவிச்சிருக்க மாட்டாங்க.

டிவி சிக்னல் விஎச்எஃப்ங்கற ஒரு வகை ரேடியோ அலை, கிட்டத்தட்ட நேர்கோட்டுலதான் போகும். டவர் எவ்வளவு உசரத்துல நிக்குதோ அவ்வளவு தூரம் போகும். 2,000 மீட்டர் உசரத்துல இருந்து அனுப்பினா, தட்டையான தரையில ரேடியோ அலைக்கு அடிவானக் கணக்கு சுமார் 180 கி.மீ. அதனாலதான் கொடைக்கானல் டவர் சமவெளியில அத்தனை மாவட்டத்துக்கும் படம் காட்டுச்சு. ஆனா நேர்கோடுன்னா மலை முதுகு தாண்டி இறங்காது இல்லையா. டவர் இருக்கற மலையிலயே, ரெண்டு முகடு தள்ளிப் பள்ளத்துல இருக்கற மேல்மலை வீட்டுக்கு சிக்னல் நேரா வந்தாலும் மங்கலாத்தான் வரும், பெரும்பாலும் எதிர் மலையில பட்டுத் தெறிச்சு வர்றதுதான். விளக்குக்கு அடியில இருட்டுன்னு சும்மாவா சொன்னாங்க.

அந்த வீடுகள்ல ஒரு காட்சி. தகரக் கூரைக்குப் பக்கத்துல யூகலிப்டஸ் கம்பு நட்டு அதுல ஆன்டெனா, அங்க இருந்து பட்டை வயர் ஜன்னல் ஓட்டை வழியா உள்ள வருது, உள்ள பரண்ல பூண்டுக் கட்டு தொங்குது, அதுக்குக் கீழ ஸ்டெபிலைசர் மேல டயனோராவோ சாலிடேரோ கறுப்பு வெள்ளை டிவி. 'கொஞ்சம் இடது பக்கம்... வருது, வருது... போச்சு... அப்படியே பிடிச்சுக்கடா'ன்னு உள்ள இருந்து சித்தப்பா கத்த, வெளிய பையன் குளிர்ல கம்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பான், கரம்சந்த் கேரட்டக் கடிச்சுக்கிட்டு கொலையாளி யாருன்னு சொல்றத அவன் மட்டும் பார்த்திருக்கவே மாட்டான்.

படம் கெட்டதுக்கு எல்லாரும் கை காட்டினது ஒரே ஆளை. விசாரிச்சுப் பார்ப்போம்.

1. மூடுபனி. 'பனி இறங்கிடுச்சு, படம் வராது'ன்னு எல்லா வீட்டுலயும் சொல்லுவாங்க. பாவம், பனி நிரபராதி. விஎச்எஃப் டிவி அலையோட நீளம் சேனலைப் பொறுத்து 1.3 மீட்டர்ல இருந்து 6 மீட்டர் வரைக்கும், பனித்துளி மி.மீ.ல நூத்துல ஒரு பங்கு. யானை நடந்து போற வழியில கொசு நின்னு தடுத்த கதைதான்.
2. காத்து. பனி வர்ற நேரத்துக்குக் கூடவே வரும், கம்பைக் கொஞ்சம் திருப்பி விட்டுட்டுப் போயிடும். கம்புல கட்டியிருக்கற யாகி ஆன்டெனா (1926-ல ஜப்பான்ல யாகி, உடா ரெண்டு பேரும் உருவாக்கினது) பார்க்கற திசையிலதான் நல்லா வாங்கும், சுத்தமா வேற பக்கம் திரும்பினா அவ்வளவுதான்.
3. பட்டை வயர். அந்த வயர்ல சிக்னல் ரெண்டு கம்பிக்கு நடுவுல, ரப்பருக்கு வெளியில கூட ஓடும். மேல ஈரம் படிஞ்சா சிக்னல் கரைஞ்சிடும். பனி மேல விழுந்த பழியில பெரும்பாதி இவனோடது.
4. எதிர் மலை. பேய்ப் படத்துக்குக் காரணமே இதுதான், கொஞ்சம் விரிவா பார்க்கணும்.

பேய்ப் படம்னா ஒரு ஆளுக்குப் பக்கத்துல மங்கலா இன்னொரு ஆள் நிக்கிறது. நேரா வர்ற சிக்னலும் மலையில தெறிச்சு வர்ற சிக்னலும் ரெண்டும் ஆன்டெனாவுல விழும், தெறிச்சது சுத்தி வர்றதால லேட்டா வரும். 300 மீட்டர் அதிகமா சுத்தினா ஒரு மைக்ரோ செகண்ட் லேட். டிவில ஒரு கோடு இடது ஓரத்துல இருந்து வலது ஓரம் போறதுக்கே 52 மைக்ரோ செகண்ட்தான். அப்ப எதிர் மலையில பட்டு ஒன்றரை கிலோமீட்டர் அதிகமா சுத்தி வந்தா 5 மைக்ரோ செகண்ட், திரை அகலத்துல பத்துல ஒரு பங்கு. 20 இன்ச் டிவில 4 செ.மீ. தள்ளி ரெண்டாவது கரம்சந்த். உங்க வீட்டுப் பேய் எத்தனை செ.மீ. தள்ளி நின்னுச்சுன்னு ஞாபகம் இருந்தா எந்த மலையில பட்டு வந்துச்சுன்னு இப்பக் கூட மேப்புல கண்டுபிடிக்கலாம்!

இதுக்கு மேல சாயங்காலம் லோ வோல்டேஜ், படமே நாலு பக்கமும் சுருங்கிடும். நல்லா வர்ற அன்னிக்குப் பார்த்து 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' கார்டு.

இந்த நிலைமையில தடயம் எங்க தெரியும்? 1972-ல வந்த இன்னொரு கொலம்போ எபிசோடு 'எட்யூட் இன் பிளாக்'. கச்சேரி நடத்துற கண்டக்டர்தான் கொலையாளி. அவன் கோட்டுல குத்தியிருந்த பூ கொலை நடந்த வீட்டுல விழுந்துடும், கச்சேரிய ஒளிபரப்பின டிவி படத்துல கோட்டுல பூ இருக்கா இல்லையாங்கறதுதான் கேஸே. அந்தப் பூ 20 இன்ச் டிவில ஒரு செ.மீ. இருந்தா அதிகம். புள்ளி புள்ளியா வர்ற கறுப்பு வெள்ளைப் படத்துல, 4 செ.மீ. தள்ளிப் பேயும் நிக்கறப்ப, பூ இருந்துச்சுன்னும் சொல்லலாம், இல்லன்னும் சொல்லலாம்.

அதோட கரம்சந்த், பியோம்கேஷ் எல்லாம் ஹிந்தி. நம்ம வீடுகள்ல எத்தனை பேருக்குப் புரிஞ்சுது? வசனம் புரியாம, படமும் தெரியாம, மூஞ்சியப் பார்த்து 'இவன்தான் பண்ணியிருப்பான், முழியே சரியில்ல'ன்னு கேஸ முடிச்சவங்க நாம. காத்தாடி ராமமூர்த்தி நடிச்ச துப்பறியும் சாம்பு மட்டும்தான் தமிழ்ல முழுசா புரிஞ்ச கணக்கு, அதுலயும் சாம்புவே குருட்டு அதிர்ஷ்டத்துலதான் கண்டுபிடிப்பாரு.

என் கணக்குல ஞாபகம் பொய் இல்ல. எதிர்பார்ப்பு சின்னதா இருந்துச்சு, திரையும் சின்னது, அதுல கிடைச்சதே போதுமா இருந்துச்சு. ஆனா இப்ப நீங்க பண்றது மறுபடி பார்க்கறதுன்னு சொல்ல மாட்டேன். மலைக்காரங்களப் பொறுத்தவரைக்கும் அந்தப் படத்த முழுசா பார்க்கறது இதுதான் முதல் தடவை.

இப்ப வர்ற பிரதிகள்ல நடக்கற சேட்டை

பழைய டிவி 4:3, இப்ப இருக்கறது 16:9. இந்த வித்தியாசத்த எப்படி சமாளிக்கிறாங்கங்கறதுலதான் மூணாவது கேள்விக்குப் பதில் இருக்கு.

1. வெட்டறது. ரெண்டு ஓரத்துலயும் கறுப்புப் பட்டை வந்தா ஜனங்க கோவிச்சுக்குவாங்கன்னு மேலயும் கீழயும் வெட்டிடறாங்க. அகலத்த அப்படியே வச்சா உயரத்துல சரியா 25 சதவீதம் போகும். 2019-ல சிம்ப்ஸன்ஸ்ங்கற அமெரிக்க கார்ட்டூன் தொடரோட பழைய எபிசோடுகளை இப்படி வெட்டினதுல ஒரு ஜோக்கே காணாம போச்சு. மூணு வேற வேற பீர்னு எழுதியிருக்கற தொட்டிகளுக்கு மேல ஒரே குழாய்ல இருந்துதான் ஊத்துறாங்கங்கறது ஜோக், குழாய வெட்டிட்டாங்க. அடுத்த வருஷம் முழுப் படத்தையும் கொடுத்தாங்க. காமெடில போனா ஒரு சிரிப்பு போச்சு. துப்பறியும் தொடர்ல மேஜையோட கீழ் ஓரமும் தரையும் போனா தடயமே போச்சு.
2. இழுக்கறது. 4:3 படத்த 16:9-க்கு இழுத்தா எல்லாரும் மூணுல ஒரு பங்கு அகலமாவாங்க. இத பல சமயம் பண்றது கம்பெனி இல்ல, உங்க ரிமோட்டு. செட்டிங்ல படத்தோட அளவு 'ஒரிஜினல்' இல்லன்னா '4:3'னு வைங்க.
3. சீப்புப் பல். டேப்ல ஒரு படம்ங்கறது ரெண்டு பாதி. ஒத்தைப்படைக் கோடு முதல்ல, இரட்டைப்படைக் கோடு ஒரு செகண்ட்ல 50-ல ஒரு பங்கு கழிச்சு. ரெண்டையும் அவசரத்துல ஒண்ணா ஒட்டினா, நகர்ற ஆளோட ஓரத்துல சீப்பு மாதிரி பல்லு பல்லா தெரியும். அது பழைய தொடரோட குறை கிடையாது, மாத்தினவங்க சோம்பேறித்தனம்.
4. வேகம். அமெரிக்கத் தொடர் செகண்டுக்கு 24 கட்டம், பால் ஊர்ல 25. பழைய பால் டிவிடில 24-அ 25-ஆ ஓட்டிடுவாங்க, 75 நிமிஷ எபிசோடு 72-ல முடிஞ்சிடும், குரலும் லேசா கீச்சுன்னு இருக்கும்.
5. ஏஐ வச்சு பளிச்சாக்கறது. இதுதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது. இல்லாத விவரத்த அது ஊகிச்சு வரையுது. முகத்த மெழுகு பொம்மையாக்கும், கடுதாசியில இருக்கற எழுத்த எந்த பாஷையிலயும் இல்லாத கிறுக்கலாக்கும். சாட்சி மறந்தத வக்கீல் சொல்லிக் கொடுக்கற மாதிரி. துப்பறியும் கதையில இது அடுக்குமா?

டிவில 'மோஷன் ஸ்மூத்திங்' மாதிரி ஏதாவது ஆன்ல இருந்தா அதையும் அணைச்சிடுங்க, ஃபிலிம்ல எடுத்தது கூட மெகா சீரியல் மாதிரி வழுக்கிட்டு ஓடறது அதனாலதான்.

அழிஞ்சு போனதும், பரண்ல கிடக்கறதும்

டேப்புக்கு இன்னொரு குணம், மேலயே மறுபடி பதியலாம். 60-கள்ல டேப் விலை ஜாஸ்தி, பழசு யாருக்கு வேணும்னு டிவி கம்பெனிக்காரங்களே அழிச்சு அழிச்சுப் பதிஞ்சாங்க. பீட்டர் குஷிங் ஹோம்ஸா நடிச்ச 1968 பிபிசி தொடர்ல 16 எபிசோடு, அதுல பாதிக்கு மேல இன்னிக்கு இல்ல. நம்ம ஊர்ல 2021, 22-ல தூர்தர்ஷனோட அனலாக் டவர்கள் பெரும்பாலும் நின்னு போச்சு, அதோட பேயும் புள்ளியும் கூட போயிடுச்சு.

அதனால வீட்டுப் பரண்ல விஎச்எஸ் கேசட் கிடந்தா தூக்கிப் போடாதீங்க. அதுல படம் 240 கோடு அளவுக்குத்தான் தெளிவு, ஆனா அன்னிக்கு நடுவுல வந்த விளம்பரம், வருந்துகிறோம் கார்டு எல்லாம் சேர்ந்து கிடைக்கறது அதுல மட்டும்தான். மலை ஈரத்துக்குக் கேசட்ல பூஞ்சை பிடிச்சிருக்கும், கண்ணாடி ஜன்னல் வழியா பார்த்தா சுருள் மேல வெள்ளை வெள்ளையா திட்டு தெரியும். அப்படி இருந்தா ஓட்டவே ஓட்டாதீங்க, டேப்பும் அறுந்துடும், பிளேயரோட ஹெட்டும் கெடும், அடுத்து போடற கேசட்டுக்கும் ஒட்டிக்கும். பிளேயர் கெட்டா புதுசும் கிடைக்காது, கடைசியா செஞ்சுக்கிட்டு இருந்த ஜப்பான் கம்பெனி 2016-லயே நிறுத்திடுச்சு. சுத்தம் பண்ணத் தெரிஞ்ச கடையாப் பார்த்துக் கொடுங்க, கொடுக்கறப்ப சீப்புப் பல் வராம செகண்டுக்கு 50 படமா மாத்திக் கொடுங்கன்னு கேட்டு வாங்குங்க.

மேல ஒட்டியிருக்கற லேபிளையும் நம்ப வேண்டாம். 'அக்கா கல்யாணம்'னு எழுதியிருக்கும், முகூர்த்தம், சாப்பாட்டுப் பந்தி, பொண்ணு அழைப்பு எல்லாம் முடிஞ்சு திரை ஒரு நிமிஷம் கொசகொசன்னு ஓடும், நிறுத்திடாதீங்க, அதுக்கு அப்புறம்தான் கல்யாணத்துக்கு முன்னாடி அந்தக் கேசட்ல பதிஞ்சிருந்த எபிசோடோட கடைசி பத்து நிமிஷம் மிச்சம் இருக்கும்.